புது ரிலீஸ்னு சொல்றாங்க, ரெக்கார்ட் பண்ணது 1963ல

வெள்ளிக்கிழமை ஆனா போதும், ஜாஸ், சோல் (அமெரிக்க கறுப்பின மக்களோட ஒரு பாட்டு வகை), வேர்ல்ட் மியூசிக், ரூட்ஸ் (மண்ணு சார்ந்த நாட்டுப்புற இசை)னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி "இந்த வாரம் புதுசா வந்தது"ன்னு லிஸ்ட் வந்துடும். நான் பல வருஷமா இத விடாம பாக்கற ஆளு. பாக்க பாக்க ஒண்ணு கண்ண உறுத்த ஆரம்பிச்சுது, லிஸ்ட்ல பேர் இருக்கறவங்கள்ல நெறைய பேர் உயிரோடவே இல்ல. ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் செத்தது 1967, அவரோட "புது ஆல்பம்" 2018ல வருது, 2021ல இன்னொண்ணு, 2023ல இன்னொண்ணு. மாலி நாட்டு கிட்டாரிஸ்ட் அலி ஃபர்கா தூரே 2006ல போயிட்டாரு, 2023ல வாயேஜர்னு ஆல்பம், அதுவும் அதுவரைக்கும் வெளிய வராத ரெக்கார்டிங். பாப் பக்கமோ நம்ம சினிமா பாட்டு பக்கமோ போனா புதுசுன்னா புதுசுதான், போன மாசம் பாடினது இந்த மாசம் வரும். இந்த நாலு வகையில மட்டும் ஏன் இப்படின்னு நோண்ட ஆரம்பிச்சேன், அது எங்கெங்கயோ இழுத்துட்டு போச்சு.

மொதல்ல இந்த வெள்ளிக்கிழமை. நமக்கு வெள்ளிக்கிழமைன்னா படம் ரிலீஸ், அது பழக்கம். ஆல்பத்துக்கு அப்படி இல்ல, 2015 வரைக்கும் அமெரிக்காவுல செவ்வாய், இங்கிலாந்துல திங்கள், ஜெர்மனியில வெள்ளின்னு ஆளுக்கு ஒரு நாள் வெச்சிருந்தாங்க. இன்டர்நெட் வந்தப்புறம் ஒரு ஊர்ல திங்கட்கிழமை வந்தது அடுத்த ஊருக்கு அதிகாரப்பூர்வமா போறதுக்குள்ள திருட்டுத்தனமா போய் சேந்துடும். அதனால 2015 ஜூலை 10ல இருந்து உலகம் பூரா வெள்ளிக்கிழமைன்னு கம்பெனிங்க எல்லாம் சேந்து முடிவு பண்ணாங்க. இதுல பாட்டுக்காரங்க சௌகரியம்னு எதுவும் இல்ல, முழுக்க யாவாரம்.

அந்த "வேர்ல்ட் மியூசிக்"ங்கற பேரும் அதே கேஸ்தான். 1987 ஜூன் 29ஆம் தேதி லண்டன்ல எம்ப்ரெஸ் ஆஃப் ரஷ்யான்னு ஒரு பப்ல சின்ன சின்ன ரெக்கார்ட் கம்பெனிக்காரங்க, ரேடியோக்காரங்க, பத்திரிகைக்காரங்கன்னு கொஞ்ச பேர் கூடினாங்க. அவங்க பிரச்சனை ரொம்ப சாதாரணமானது. செனகல்ல இருந்து ஒரு ஆல்பம், பல்கேரியாவுல இருந்து ஒண்ணு, பாகிஸ்தான்ல இருந்து ஒரு கவ்வாலி, இதெல்லாம் கடைக்கு போனா கடைக்காரன் எந்த தட்டுல வைக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறான், கடைசியில வைக்காமலே விட்டுடறான். அப்போ தட்டுக்கு ஒரு பேர் எழுதி அட்டை சொருகணும், என்ன பேர்? ரூட்ஸ், டிராப்பிக்கல்னு என்னென்னமோ பேசிப்பாத்து கடைசியில வேர்ல்ட் மியூசிக்னு நின்னுச்சு. ஆளுக்கு கொஞ்சம் காசு போட்டு அட்டை அடிச்சாங்க, ஒரு பத்திரிகையோட சேத்து கேசட் விட்டாங்க, அவ்வளவுதான் விஷயம். கடைத்தட்டுக்கு ஒட்டின லேபிள், நாளாவட்டத்துல ஒரு இசை வகை மாதிரி ஆகிப்போச்சு.

சொல்லப்போனா அந்த வார்த்தைய அவங்களும் புதுசா கண்டுபிடிக்கல. 1960கள்லயே அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டியில ராபர்ட் பிரவுன்னு ஒரு புரொஃபசர் தன்னோட டிபார்ட்மென்டுக்கு அந்த வார்த்தைய பயன்படுத்திட்டு இருந்தார். அவர் டாக்டரேட் பண்ணது எதுல தெரியுமா, மிருதங்கத்துல. அவரோட குரு, தஞ்சாவூர் ரங்கநாதன், பாலசரஸ்வதியோட தம்பி, வீணை தனம்மாள் பேரன், வெஸ்லியனுக்கே போய் மிருதங்கம் சொல்லிக்குடுத்தவர். ஆக அந்த வார்த்தை கிளம்பின எடத்துல பக்கத்துல ஒரு தமிழ் குடும்பம் உக்காந்திருக்கு. பிரவுன் சொன்ன அர்த்தமும் வேற, எந்த ஊர் இசையா இருந்தாலும் அந்த ஊர் வாத்தியார்கிட்ட உக்காந்து கத்துக்கங்கிறதுதான் அவர் கட்சி. லண்டன் பப்ல அது "இங்கிலீஷ்ல பாடாததெல்லாம் இங்க வை"ன்னு ஆச்சு.

அதுக்கு எதிர்ப்பு வராம இல்ல. லுவாகா பாப்ங்கிற லேபிள, அதாவது ரெக்கார்ட் கம்பெனிய, ஆரம்பிச்ச பாடகர் டேவிட் பைர்னே 1999ல நியூயார்க் டைம்ஸ்ல இந்த வார்த்தைய வெறுக்கறேன்னு தலைப்பு வெச்சே எழுதினார். கிராமி அவார்டுக்காரங்க 2020ல காலனிய வாசனை அடிக்குதுன்னு "வேர்ல்ட்"ஐ எடுத்துட்டு "குளோபல்"னு மாத்தினாங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்கு இன்னைக்கும் புரியல, தட்டு அதேதான், அட்டைய திருப்பி எழுதியிருக்காங்க. அந்த அவார்ட 1992ல மொத மொத வாங்கினது பிளானட் டிரம்னு ஒரு ஆல்பம், அதுல கடம் வாசிச்சது விக்கு விநாயகராம். பேர் மாத்தினப்புறம் 2024ல அதே அவார்ட வாங்கினது சக்தி குழு, அதுல கஞ்சிரா வாசிக்கிற செல்வகணேஷ் விக்கு அவர்களோட மகன். அப்பா வாங்கினப்போ வேர்ல்ட், புள்ள வாங்கினப்போ குளோபல்.

சரி, பழசு ஏன் புதுசா வருதுங்கிற கதைக்கு வரேன். கோல்ட்ரேன்ல இருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் இருக்கறதுலயே வயிறு எரியற கதை.

1963 மார்ச் 6. கோல்ட்ரேன், பியானோவுல மெக்காய் டைனர், பேஸ்ல ஜிம்மி கேரிசன், டிரம்ஸ்ல எல்வின் ஜோன்ஸ், நாலு பேரும் நியூஜெர்சியில வான் கெல்டர் ஸ்டூடியோவுக்கு போய் மத்தியானம் பூரா வாசிச்சுட்டு, ராத்திரி நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப்ல கச்சேரிக்கு போயிட்டாங்க. வாசிச்சதுல ரெண்டு பாட்டுக்கு பேர்கூட வைக்கல, 11383, 11386ன்னு ரெக்கார்டிங் நம்பர் மட்டும். அடுத்த நாளே ஜானி ஹார்ட்மன்கிற பாடகரோட வேற ஆல்பம் ரெக்கார்டிங், அது வெளிய வந்து பேர் வாங்கிடுச்சு, இது பீரோவுல தூங்கிடுச்சு. 1970கள் ஆரம்பத்துல அவரோட ரெக்கார்ட் கம்பெனி இம்பல்ஸ், டேப் வெக்கிற எடத்துக்கு வாடகை மிச்சம் பண்ணணும்னு பழைய மாஸ்டர் டேப்ப, அதாவது மூல டேப்ப, எல்லாம் அழிச்சுது, அதோட இதுவும் போச்சு. கோல்ட்ரேன் வாசிச்சத, எடம் அடைக்குதுன்னு அழிச்சிருக்காங்க! ஆனா அன்னிக்கு சாயங்காலம் வீட்டுல போட்டு கேக்கறதுக்குன்னு அவருக்கு ஒரு மோனோ காப்பி குடுத்து விட்டிருக்காங்க, அத அவர் மொத சம்சாரம் நைமாகிட்ட விட்டுட்டு போயிருக்கார், அந்தம்மா குடும்பத்துல பத்திரமா இருந்திருக்கு. 55 வருஷம் கழிச்சு 2018ல போத் டைரக்ஷன்ஸ் அட் ஒன்ஸ்னு வந்து அமெரிக்க ஆல்பம் சார்ட்ல 21வது எடம் வரைக்கும் போச்சு. உயிரோட இருந்தப்போ அவர் எந்த ஆல்பமும் அவ்வளவு மேல போனதில்ல.

இதுக்கு நேர் எதிரா ஒரு ஜாலியான கதை இருக்கு, ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க்கோடது. 1968ல கலிஃபோர்னியா பாலோ ஆல்டோ ஹைஸ்கூல்ல டேனி ஷெர்னு ஒரு 16 வயசு பையன், மங்க்க ஸ்கூலுக்கு கூப்ட்டா என்னன்னு கெளம்பிட்டான். கறுப்பின மக்கள் இருந்த கிழக்கு பாலோ ஆல்டோவுலயும் போய் போஸ்டர் ஒட்டினான், மார்ட்டின் லூதர் கிங்க சுட்ட வருஷம் அது, ரெண்டு ஊருக்கும் நடுவுல அவ்வளவு டென்ஷன். அந்த ஊர்க்காரங்க டிக்கெட் வாங்காம ஸ்கூல் பார்க்கிங்ல நின்னு பாத்துட்டு இருந்தாங்களாம், மங்க் நெஜமாவே வண்டிய விட்டு எறங்கினாத்தான் நம்புவோம்னு. பையனோட அண்ணன்தான் சான் ஃபிரான்சிஸ்கோ போய் வேன்ல ஏத்திட்டு வந்தது. ஸ்கூல்ல கூட்டிப் பெருக்கற ஊழியர் ஒருத்தர், நான் பியானோவ டியூன் பண்ணித் தரேன், கச்சேரிய ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமான்னு கேட்டிருக்கார். அந்த டேப்தான் 2020ல பாலோ ஆல்டோங்கிற ஆல்பமா வந்துச்சு. கேட்டுப்பாருங்க, ஸ்டூடியோவுல கெடைக்காத ஒரு துள்ளல் அந்த வாசிப்புல இருக்கு. பெரிய கம்பெனி மாஸ்டர் டேப்ப அழிச்சுடுது, ஸ்கூல்ல பெருக்கறவர் எடுத்த டேப் அரை நூற்றாண்டு தாண்டி நிக்குது.

டேப் இருந்தா மட்டும் ஆகாது, அத இப்போ எடுத்து விட ஒரு காரணமும் வேணும். காரணத்துல பாதி சட்டம். ஐரோப்பாவுல ரெக்கார்டிங்குக்கு காப்பிரைட் முன்னாடி 50 வருஷம்தான், 2013ல இருந்து அத 70 ஆக்கினாங்க, ஆனா ஒரு கண்டிஷன், 50 வருஷத்துக்குள்ள வெளியவே வராத ரெக்கார்டிங்குக்கு அந்த நீட்டிப்பு கெடையாது, அது பொதுச்சொத்து. இதனால என்ன ஆச்சுன்னா டிசம்பர் மாசம் வந்தா கம்பெனிங்க பரண்ல ஏறி தேட ஆரம்பிச்சாங்க. பாப் டிலன் கம்பெனி 2012 கடைசியில அவரோட 1962 ரெக்கார்டிங்க வெறும் 100 காப்பி மாதிரி அடிச்சு ஐரோப்பாவுல விட்டுச்சு, கேக்கறதுக்காக இல்ல, வெளியிட்டாச்சுன்னு கணக்கு காட்டறதுக்கு. சோல் மியூசிக்கோட தாய்வீடு மோடவுனும் அப்போ வெளியிடாம விட்ட பாட்டையெல்லாம் வருஷ வாரியா டிஜிட்டல்ல எறக்கிச்சு.

மிச்ச பாதி காசு. அமெரிக்காவுல ஒரு பாட்டு வந்து 18 மாசம் ஆச்சுன்னா அத "கேட்டலாக்"னு சொல்லிடுவாங்க, பழைய சரக்குன்னு அர்த்தம், இன்னைக்கு அங்க ஜனங்க கேக்கறதுல 70 சதவீதத்துக்கும் மேல இந்த பழைய சரக்குதான். புது ஜாஸ் ஆல்பம் போடணும்னா ஸ்டூடியோ வாடகை, நாலு பேர் சம்பளம், அப்புறம் யார்யா இவங்கன்னு ஊருக்கு சொல்ற விளம்பரச் செலவு. பழசுக்கு ரெக்கார்டிங் செலவே இல்ல, பேரும் ஏற்கனவே தெரியும், கூடவே ஒரு "தொலைஞ்சு கெடச்ச" கதை, கட்டியா எல்.பி. இசைத்தட்டுல அடிச்சா வாங்க ஆள் ரெடி. 2022ல அமெரிக்காவுல சி.டி.ய விட எல்.பி. அதிக எண்ணிக்கையில வித்துச்சு, 1987க்கு அப்புறம் மொத தடவ. இப்போ வாசிச்சிட்டு இருக்கற ஜாஸ் பசங்க பாவம், இவங்க போட்டி போட வேண்டியது சமவயசுக்காரன்கூட இல்ல, கோல்ட்ரேன்கூட.

அதுக்காக எல்லாமே கம்பெனி தந்திரம்னு தள்ளிட முடியாது, ஏன்னா ஆப்பிரிக்க பக்கம் போனா கதையே மாறிடுது. அங்க பழசு லேட்டா வர்றதுக்கு காரணம் அரசாங்கம், கர்ஃப்யூ, ஊர விட்டு ஓடறது.

ஹைலு மெர்ஜியா இதுக்கு உதாரணம். எத்தியோப்பியாக்காரர், அடிஸ் அபாபா ஹில்டன் ஹோட்டல்ல வாலியாஸ்னு ஒரு பேண்ட்ல கீபோர்ட் வாசிச்சவர். 1974ல டெர்க்ங்கிற ராணுவ ஆட்சி வந்து ராத்திரி கர்ஃப்யூ போட்டுது, அதுக்கு ஜனங்க என்ன பண்ணாங்கன்னா சாயங்காலமே கிளப்புக்குள்ள போய் கதவ சாத்திக்கிட்டு விடியற வரைக்கும் வெளிய வரல, பேண்டும் விடிய விடிய வாசிச்சுது. 1981ல அமெரிக்கா டூர் போனவர் திரும்பி வரல. வாஷிங்டன்ல இருந்துட்டு 1985ல தனியா உக்காந்து அக்கார்டியன், கீபோர்ட், டிரம் மெஷின்னு எல்லாத்தையும் தானே வாசிச்சு ஒரு கேசட் போட்டார், அது எத்தியோப்பியாவுல கொஞ்ச நாள் ஓடிச்சு. அப்புறம் அவர் டாக்சி ஓட்ட போயிட்டார். ஏர்போர்ட் வாசல்ல சவாரிக்கு காத்திருக்கற நேரத்துல டிக்கியில இருந்து கீபோர்ட எடுத்து பின்சீட்ல உக்காந்து வாசிப்பார், அவ்வளவுதான் அவர் கச்சேரி. 2013ல ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா லேபிள் நடத்தற பிரையன் ஷிம்கோவிட்ஸ், எத்தியோப்பியாவுல பாஹிர் தார்னு ஒரு ஊர்ல அந்த கேசட்ட வாங்கி கேட்டுட்டு ஆடிப்போய், நெட்ல தேடி அவருக்கு போன் போட்டார். அந்த வருஷமே கேசட் மறுபடியும் ஆல்பமா வந்துச்சு, மெர்ஜியா மேடைக்கு திரும்பினார், 2018ல லாலா பெலுன்னு நெஜமாவே புது ஆல்பம். அப்பவும் கொஞ்ச காலம் டாக்சிய விடல மனுஷன். அந்த 1985 ஆல்பத்த ராத்திரி கேளுங்க, அக்கார்டியன் ஒரே சோகமாவும் இல்லாம சந்தோஷமாவும் இல்லாம தலைய ஆட்டிக்கிட்டே போகும்.

அதே லேபிள்ல கானா நாட்டு அடா காக் கதை இன்னும் விசித்திரம். 1994ல ஒபா சிமான்னு அவர் போட்ட கேசட் மொத்தமே ஐம்பது காப்பி மாதிரிதான். அதுல ஒண்ணு 2002ல கேப் கோஸ்ட்ல ரோட்டோர கடையில ஷிம்கோவிட்ஸ் கையில மாட்டுச்சு, ஆள தேடி கண்டுபிடிக்க வருஷக்கணக்கா ஆச்சு. கண்டுபிடிச்சு மாஸ்டர் டேப்ப கேட்டா அது பூஞ்சை புடிச்சு போயிருக்கு. அதுல மிச்சம் இருந்தத போட்டு பாத்தாதான் தெரியுது, கேசட்ல இருந்த பாட்டு ஒரிஜினல விட ஸ்பீடு ஜாஸ்தி, காப்பி அடிச்சப்போ வேகம் ஏறிடுச்சு! ஜனங்க கேட்டு மயங்கினது அந்த வேகத்துக்குத்தான், அதனால 2015ல வந்த ஆல்பமும் அந்த கேசட்டுல இருந்தே எடுத்ததுதான்.

இங்க ஒரு கேள்வி கேட்டே ஆகணும், காசு யாருக்கு போகுது? ஆசம் டேப்ஸ் லாபத்த ஆர்டிஸ்ட்டோட பாதிக்கு பாதி பிரிச்சுக்கறாங்க, நல்ல விஷயம். எல்லா மறுபதிப்பும் இப்படி இல்ல. அந்த காலத்துல பாடினவங்களுக்கு ஒரு தடவ கைல காசு குடுத்து அனுப்பிட்டு உரிமைய புரொட்யூசர் வெச்சுக்கறதுதான் பல நாட்டுல வழக்கம், இன்னைக்கு லண்டன்லயோ பாரிஸ்லயோ இருக்கற லேபிள் முறையா லைசென்ஸ் வாங்கினாகூட பணம் போறது அந்த புரொட்யூசர் வாரிசுக்குத்தான், பாடினவங்க வீட்டுக்கு இல்ல. "கண்டுபிடிச்சோம்"ங்கற வார்த்தையும் எனக்கு கொஞ்சம் இடிக்கும். இங்கிலாந்துல ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்னு ஒரு லேபிள் இளையராஜாவோட எழுபதுகள் கடைசி, எண்பதுகள் ஆரம்பத்து பாட்டுகள தொகுத்து சொல்ல சொல்லன்னு எல்.பி. விட்டாங்க, அழகான வேலைதான், ஆனா நாம டவுன் பஸ்லயும் கல்யாண வீட்டு ரேடியோ செட்லயும் கேட்டு வளந்தது அங்க அபூர்வ கண்டெடுப்பு! அடிஸ் அபாபாக்காரனுக்கும் மெர்ஜியா அப்படித்தானே இருந்திருப்பார்.

சோல் பக்கம் இன்னொரு வேடிக்கை, அங்க பாட்டு புதுசு, பாடறவங்கதான் லேட். புரூக்ளின்ல டேப்டோன்னு ஒரு லேபிள், கம்ப்யூட்டர் பக்கமே போகாம பழைய டேப் மெஷின்லயே ரெக்கார்ட் பண்ற பிடிவாதக்காரங்க. அவங்க நட்சத்திரம் ஷாரன் ஜோன்ஸ், மொத ஆல்பம் 2002ல வந்தப்போ அவங்களுக்கு 46 வயசு, அதுக்கு முன்னாடி ரைக்கர்ஸ் ஐலண்ட் ஜெயில்ல காவல் வேலை, பேங்க் பணம் ஏத்தற வண்டிக்கு காவல் வேலை. உருவம் சரியில்ல, நெறம் சரியில்லன்னு இசை உலகத்துல சொன்னதா அவங்களே சொல்லியிருக்காங்க. அதே லேபிள்ல சார்ல்ஸ் பிராட்லி, பழைய சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் மாதிரி வேஷம் கட்டி ஆடிட்டு இருந்தவர், மொத ஆல்பம் 2011ல, வயசு 62. ரெண்டு பேரும் 2016, 2017ல அடுத்தடுத்து கேன்சர்ல போயிட்டாங்க, பிராட்லியோட கடைசி ஆல்பம் அவர் போனதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. இவங்க பாட்ட "ரெட்ரோ"ன்னு எழுதறவங்கள பாத்தா எரிச்சலா வரும். அவங்க பழச காப்பி அடிக்கல, அவங்க காலத்துல அவங்களுக்கு வாய்ப்பு வரல, அவ்வளவுதான்.

லேட்டா வந்ததுல ராஜா யாருன்னா பியூனா விஸ்டா சோஷியல் கிளப்ங்கற க்யூபா ஆல்பம்தான், 1997. ஆனா அது பிறந்ததே ஒரு தடங்கல்லதான். வேர்ல்ட் சர்க்யூட் லேபிள் நிக் கோல்ட் போட்ட பிளான் வேற, மாலியில இருந்து ரெண்டு பேர ஹவானாவுக்கு கூட்டிட்டு வந்து க்யூபா ஆட்களோட சேத்து வாசிக்க வைக்கணும். 1996 மார்ச்ல ஸ்டூடியோ புக் பண்ணியாச்சு, அமெரிக்க கிட்டாரிஸ்ட் ரை கூடரும் வந்தாச்சு, மாலிக்காரங்க விசா சிக்கல்ல வந்து சேரல. சரி இருக்கற க்யூபா ஆட்கள வெச்சு ஏதாவது பண்ணுவோம்னு க்யூபா இசைக்காரர் ஹுவான் டி மார்கோஸ் ஊருக்குள்ள போய் பழைய ஆட்கள தேடி கூட்டிட்டு வரார். இப்ராஹிம் ஃபெரர் பாட்ட விட்டுட்டு ஷூ பாலிஷ் போட்டுட்டு இருந்தார். ரூபன் கொன்சாலஸுக்கு வயசு 76 தாண்டியாச்சு, வீட்டு பியானோவ கரையான் அரிச்சு போய் வாசிச்சே பல வருஷம், ஸ்டூடியோவுல பியானோ இருக்குன்னு தெரிஞ்சதும் தினம் காலையில கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல வந்து நிப்பாராம். அந்த ஆல்பம் எண்பது லட்சத்துக்கும் மேல வித்துச்சு. மாலிக்காரங்க வராம போனதுக்கு பதிலா வந்த ஆல்பம் அது! மொத பிளான் என்ன ஆச்சுன்னு கேட்டா, 2010ல ஆஃப்ரோக்யூபிசம்னு வந்துச்சு, 14 வருஷம் லேட், அன்னிக்கு வர முடியாத அதே பஸ்ஸேகு குயாட்டேவும் ஜெலிமாடி துன்காராவும் அதுல வாசிச்சாங்க. நல்ல ஆல்பம், ஆனா பியூனா விஸ்டா அளவுக்கு போகல.

அதே லேபிள் ரிஜாய்ஸ்னு ஒண்ணு விட்டுச்சு, நைஜீரியா டிரம்மர் டோனி ஆலனும் தென்னாப்பிரிக்கா டிரம்பெட் ஹியூ மசகேலாவும். ரெண்டு பேரும் 2010ல லண்டன்ல ஒருவழியா சேந்து வாசிச்சாங்க, முடிக்காம வெச்சுட்டாங்க, 2018ல மசகேலா போயிட்டார், மிச்சத்த ஆலன் உக்காந்து முடிச்சு 2020 மார்ச்ல வெளிய வந்துச்சு, ஏப்ரல் 30ஆம் தேதி ஆலனும் போயிட்டார். நாற்பத்தொரு நாள்தான் இடைவெளி.

இந்த மாதிரி தடங்கல் எல்லாம் பழைய காலம்னு நெனச்சா அதுவும் இல்ல. நைஜர் நாட்டு ம்டூ மொக்தார், சைக்கிள் பிரேக் ஒயர கம்பியா கட்டி மொத கிட்டார் செஞ்சவர், அவரோட ஆரம்ப பாட்டு எந்த லேபிள்லயும் வரல, சஹாரா பக்கம் மெமரி கார்ட்லயும் ப்ளூடூத்லயும் செல்போன் விட்டு செல்போன் தாவி பரவுச்சு, வெள்ளிக்கிழமை ரிலீஸ் எல்லாம் அங்க யாருக்கு தெரியும். அவர் 2023ல அமெரிக்காவுல டூர்ல இருந்தப்போ ஊர்ல ராணுவம் ஆட்சிய புடிச்சுது, பேண்ட் அங்கயே மாட்டிக்கிச்சு, வீட்டுக்கு போக வழி இல்ல. அப்போ ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்னு ஒரு ஆல்பம் முழுக்க எலெக்ட்ரிக் கிட்டார்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தாங்க, இன்னும் வெளிய வரல. சும்மா உக்காந்திருக்காம அதே பாட்டையெல்லாம் பிளக்க புடுங்கிட்டு, கரண்ட் இல்லாத அகூஸ்டிக் கிட்டார்ல, மெதுவா, துக்கமா இன்னொரு தடவ வாசிச்சு வெச்சாங்க. கோபமா வாசிச்சது 2024ல வந்துச்சு, துக்கமா வாசிச்சது டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ்னு 2025 பிப்ரவரியில ஒரு வெள்ளிக்கிழமை வந்துச்சு. நான் மொதல்ல ரெண்டாவத கேட்டேன், அப்புறம்தான் மொத ஆல்பம். அந்த வரிசையிலயே நீங்களும் கேளுங்கன்னுதான் சொல்லுவேன்.